600 டாலரில் ஒரு கிடாவைப் பார்ப்பது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கால்கரியில் ஆறு ஆண்டுகளாக வசிக்கும் ஒருவர், வேட்டைப் பயிற்சித் தேர்வில் தேறி, இந்த இலையுதிர்காலத்தில் அலுவலக நண்பருடன் முதன்முறையாக ராக்கி மலைகளுக்குப் பிக்ஹார்ன் என்னும் பெருங்கொம்பு மலை ஆட்டு வேட்டைக்குப் போகிறார். கையில் 10×42 பைனாகுலர் இருக்கிறது (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில்). முக்காலியில் மாட்டி ஒற்றைக்கண்ணால் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு அவர் ஒதுக்கியிருப்பது 600 கனடிய டாலர். இணையத்தில் 20-60×80 என்று போட்ட ஒன்று 200 டாலருக்குக் கிடைக்கிறது. நண்பரோ 3,000 டாலருக்குக் குறைந்த எதையும் வாங்காதே, காசு தண்டம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம் என்பது என் பதில். ஆனால் அதற்கு முன், நீங்கள் எழுதிய கேள்விக்குள் நீங்கள் எழுதாத ஒரு கேள்வி இருக்கிறது. எதிர்ச்சரிவில் படுத்து அசைபோடும் கிடா சட்டப்படி சுடத்தக்கதுதானா என்பதை எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? மலை ஆட்டு வேட்டைக்காரர் ஸ்கோப்பைத் தோளில் சுமப்பது முக்கியமாக இந்த ஒரு காரியத்துக்காகத்தான். இதற்கு விடை தெரிந்தால், எதை வாங்குவது என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். 14 ஆண்டுகளாகக் கேமரா லென்ஸ், பைனாகுலர், ஸ்கோப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆல்பர்ட்டா மலைகளில் ஒன்பது பருவங்கள் ஆடு தேடி அலைந்திருக்கிறேன். அதில் சுட்டது ஒரே ஒரு கிடா. ஆகவே கண்ணாடியைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். வேட்டையைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனப் பிக்ஹார்ன் வேட்டையோ, வடக்கே ஸ்டோன் ஆட்டு வேட்டையோ எனக்குப் பழக்கமில்லை.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். ஆல்பர்ட்டாவின் பெரும்பாலான மலை வேட்டைப் பிரிவுகளில் ஐந்தில் நான்கு பங்குச் சுருள் என்று பேச்சுவழக்கில் சொல்லும் விதி இருக்கிறது; அதாவது கொம்பு முழு வட்டத்தில் ஐந்தில் நான்கு பங்காவது சுருண்டிருக்க வேண்டும். சட்டத்தின் சொற்களில் அது இன்னும் துல்லியமானது: ஆட்டைப் பக்கவாட்டில் பார்க்கும்போது, கொம்பின் அடிப்பகுதியில் மிகவும் முன்னால் இருக்கும் புள்ளியிலிருந்து கொம்பின் நுனிக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், அந்தக் கோடு கண்ணின் முன்விளிம்பைத் தாண்டி முன்னால் போக வேண்டும். இரண்டு கொம்புகளில் ஒன்று இப்படி இருந்தால் போதும். சில பிரிவுகளில் முழுச்சுருள் வேண்டும். எந்தப் பிரிவில் எது என்பதை அந்தந்த ஆண்டு வரும் அரசுக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும், நண்பரின் ஞாபகத்தில் அல்ல. சுட்ட பிறகு தலையையும் கொம்பையும் அதிகாரியிடம் கொண்டுபோய்ப் பதிவு செய்ய வேண்டும். அவர் கோட்டை வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் கொம்பில் எண் பொறித்த செருகி ஒன்றைப் பொருத்துவார். சரியாக இல்லாவிட்டால் கொம்பும் போகும், வழக்கும் வரும். "தூரத்திலிருந்து பெரிதாகத்தான் தெரிந்தது" என்பது அங்கே எடுபடாது.

இந்த விதியில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள்: பக்கவாட்டு, கண். கிடா உங்களுக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கொம்பின் நுனியும் கண்ணும் உங்களுக்கு ஒரே பார்வையில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மலையில் பெரும்பாலும் நீங்கள் கீழே இருப்பீர்கள், அது மேலே இருக்கும். கீழிருந்து பார்த்தால் கோடு ஏமாற்றும், மேலிருந்து பார்த்தாலும் ஏமாற்றும். இந்தக் குறையை 6,000 டாலர் ஸ்கோப்பும் தீர்க்காது. எழுந்து வேறு இடத்துக்கு நடப்பதுதான் வழி, அல்லது அது தலையைத் திருப்பும்வரை காத்திருப்பது.

இனி கொஞ்சம் கணக்கு. தேறுமா தேறாதா என்ற எல்லைக்கோட்டில் இருக்கும் ஒரு கிடாவில் கோட்டுக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அந்த இடைவெளி ஒரு ஸ்கோப்பில் எந்தத் தூரம்வரை தெரியும்? இதற்கு வானியலாளர்களிடம் ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. 116 என்ற எண்ணை முன்லென்ஸின் விட்டத்தால், மில்லிமீட்டரில், வகுத்தால், அந்த லென்ஸ் பிரித்துக்காட்டக்கூடிய மிகச்சிறிய கோணம் விகலையில் கிடைக்கும். விகலை என்றால் ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு விகலை என்பது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். 50 மி.மீ. லென்ஸ் ஒரு கிலோமீட்டரில் சுமார் 11 மி.மீ. அளவைப் பிரித்துக் காட்டும், 65 மி.மீ. லென்ஸ் 9 மி.மீ.; 80 மி.மீ. லென்ஸ் 7 மி.மீ. இது இரட்டை நட்சத்திரங்களுக்காக டாவெஸ் என்ற ஆங்கிலேய வானியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் கண்ட சூத்திரம். ஆட்டுக்கொம்பு நட்சத்திரம் அல்ல. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இது போதும். இது குறையில்லாத லென்ஸுக்கு, அசையாத காற்றில், அசையாத முக்காலியில் கிடைக்கும் அளவு. நடைமுறையில் பாதியும் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆகவே ஒரு கிலோமீட்டரில் 65 மி.மீ. ஸ்கோப் உங்களுக்குக் காட்டுவது 2 செ.மீ. அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவைத் தீர்மானிக்கும் இடைவெளியும் அதே அளவுதான். அந்தத் தூரத்தில் எல்லைக்கோட்டுக் கிடாவை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. 400 மீட்டருக்கு வந்துவிட்டால் அதே ஸ்கோப் 8 மி.மீ. அளவைக் காட்டும். அங்கே முடிவெடுக்கலாம்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 50 மி.மீ. ஸ்கோப்புக்குப் பதிலாக 80 மி.மீ. வாங்கினால் என்ன லாபம்? ஒரு கிலோமீட்டரில் 80 மி.மீ. காட்டும் அதே நுணுக்கத்தை 50 மி.மீ. சுமார் 620 மீட்டரில் காட்டிவிடும். அதாவது, பெரிய லென்ஸுக்கு நீங்கள் கொடுக்கும் பணமும் சுமக்கும் எடையும் 380 மீட்டர் நடைக்குச் சமம். மலையில் 380 மீட்டர் என்பது சிலநேரம் பத்து நிமிடம், சிலநேரம் ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் இறங்கி ஏறி அரைநாள். அதனால் பெரிய லென்ஸ் வீண் என்று நான் சொல்லவில்லை. அதன் மதிப்பை டாலரில் அளப்பதைவிட நடையில் அளந்தால் உங்களுக்கு எது பொருந்தும் என்று தெளிவாகும்.

அடுத்து, பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் உருப்பெருக்க எண். நல்ல கண்ணுக்கு 60 விகலை அளவு தெரியும். 30 மடங்கு பெருக்கினால் அது 2 விகலையாகிறது. 65 மி.மீ. லென்ஸின் எல்லையே 1.8 விகலைதானே? ஆகவே 30, 35 மடங்கிலேயே லென்ஸ் கொடுக்கக்கூடியதைப் பெரும்பாலும் கண் வாங்கிவிடுகிறது. 45 வரை போனால் பார்ப்பதற்கு இன்னும் சௌகரியமாக இருக்கும். அதற்குமேல் போவது, மங்கிய படத்தை அருகில் வைத்துப் பார்ப்பது போல, பெரிதாகும், தெளிவாகாது. வெளிச்சமும் குறையும். முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 65-ஐ 20-ஆல் வகுத்தால் 3.25 மி.மீ., பட்டப்பகலில் தாராளம். 60 மி.மீ. ஸ்கோப்பில் 60 மடங்கு என்றால் 1 மி.மீ. அந்த அளவில் உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் தூசிகள்கூடத் தெரியத் தொடங்கும். ஆகவே ஜவுளிக்கடைத் தள்ளுபடிப் பலகையைப் பார்க்கும் கண்ணோடு அந்த "60"-ஐப் பாருங்கள். கீழ்முனை எண்ணே எனக்கு முக்கியம். 20-இல் தொடங்கும் ஸ்கோப்பைவிட 15-இல் அல்லது 12-இல் தொடங்குவது மலைக்கு நல்லது. பைனாகுலரில் கண்ட புள்ளியை மறுபடியும் கண்டுபிடிக்க அகலமான பார்வை வேண்டும்.

கானலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வெயில் ஏறியதும் பாறைச்சரிவிலிருந்து சூடான காற்று எழும்பும். ஸ்கோப்பில் பார்த்தால் ஆடு தண்ணீருக்கு அடியில் நிற்பது போல நெளியும். காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை, வெயில் நாளில், 25 மடங்குக்குமேல் பயனுள்ள படம் எனக்குக் கிடைத்தது அபூர்வம். எந்த விலை ஸ்கோப்பானாலும் இதுதான் கதை. விலையுயர்ந்த ஸ்கோப் கானலையும் மிகத் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். கிடாவை அளக்க வேண்டிய நேரம் விடியற்காலை, மேகமூட்டமான நாள், அல்லது மழை விட்ட பிறகு வரும் அரைமணி நேரம்.

சரி, அந்த 200 டாலர் ஸ்கோப். நானும் முதலில் அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன். பெயர் வேண்டாம், இன்று வேறு பெயரில் அதே உடலோடு வருகிறது. மூன்றாம் நாள் காலை உள்ளே ஆவி படிந்தது. அன்று முழுவதும் அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிப் பார்த்தேன், போகவில்லை. வீட்டுக்கு வந்து பட்டறையில் பிரித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. முன்லென்ஸ் 80 மி.மீ.தான், ஆனால் உள்ளே ஒரு கறுப்பு வளையம் வைத்து ஒளியை நெருக்கியிருந்தார்கள். உண்மையில் வேலை செய்தது 60 மி.மீ. சொச்சம். லென்ஸின் ஓரத்தில் வரும் பிழைகளை மறைக்க இது எளிய வழி. 80 மி.மீ. எடையைச் சுமந்துகொண்டு 60 மி.மீ. படத்தைப் பார்த்திருக்கிறேன். இதை நீங்கள் கடையிலேயே சோதிக்கலாம். கண் வைக்கும் பக்கத்தில் ஒரு சிறிய டார்ச்சை அடித்து, முன்லென்ஸின்மேல் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். உருப்பெருக்கத்தைக் குறைந்த எண்ணில் வைத்துவிட்டு, தாளில் விழும் ஒளிவட்டத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். சொன்ன விட்டத்தைவிட வட்டம் கணிசமாகச் சிறிதாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பெட்டியில் காணும் மற்ற எழுத்துகளில், ஈ.டி. என்பதற்குப் பொருள் உண்டு. நிறங்களைக் குறைவாகச் சிதறடிக்கும் கண்ணாடி அது. சாதாரணக் கண்ணாடியில் வானத்தை ஒட்டி நிற்கும் கொம்பின் விளிம்பில் ஊதாவும் பச்சையும் படரும். 30 மடங்குக்குமேல் அந்தப் படர்தலே நுனி எது, நிழல் எது என்று குழப்பும். எச்.டி. என்ற எழுத்துக்கு அப்படி எந்தப் பொது அளவுகோலும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய பொருளில் போடுகிறது. ஈ.டி. என்று எழுதிவிட்டாலும் மெருகும் பொருத்தமும் மோசமாக இருந்தால் பயனில்லை. ஆனாலும் 600 டாலர் வரம்புக்குள் ஈ.டி. உள்ளதையும் இல்லாததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்தில் எட்டுமுறை ஈ.டி.யைத்தான் எடுப்பீர்கள்.

நண்பர் சொல்லும் 3,000 டாலர் எதை வாங்கித் தருகிறது? படத்தின் நடுப்பகுதியில், நல்ல வெளிச்சத்தில், 25 மடங்கில் வைத்தால், நடுத்தர ஸ்கோப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உங்களை ஏமாற்றமடையச் செய்யும் அளவுக்குச் சிறிது. 45 மடங்கில், மங்கிய வெளிச்சத்தில், படத்தின் ஓரத்தில் அந்த வித்தியாசம் பெரிது. இன்னொன்று, ஆறு மணி நேரம் தொடர்ந்து பார்த்தபின் தலைவலி வருகிறதா இல்லையா என்பது. நாள்முழுவதும் பார்ப்பதே தொழிலாக இருக்கும் வழிகாட்டிகள் அதற்குப் பணம் கொடுப்பது நியாயம். பருவத்துக்கு எட்டுநாள் மலையேறுபவருக்கு அது ஆடம்பரம் என்பது என் கருத்து. இது கருத்துதான், கையில் பணம் இருந்தால் நானும் வாங்கியிருப்பேன்.

எடைக்கு வருவோம். ஒரு வாரத்துக்கான மூட்டை 20 முதல் 25 கிலோ இருக்கும். 65 மி.மீ. நடுத்தர ஸ்கோப் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். 80, 85 மி.மீ. என்றால் இரண்டு கிலோவை நோக்கிப் போகும், அதைத் தாங்கும் முக்காலியும் கனமாகும். 50 மி.மீ. ஸ்கோப்கள் முக்கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். எங்கே வேட்டை என்பதைப் பொறுத்து முடிவு மாறும். காரை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் ஏறிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பும் பயணம் என்றால் 65 மி.மீ. எடுங்கள். வில்மோர் காட்டுப்பகுதி போல உள்ளே பல நாள் நடந்தே போவது என்றால் 50 மி.மீ. எடுங்கள். 80 மி.மீ. ஸ்கோப்பை நான் குதிரையில் போகிறவர்களுக்கு மட்டும் சொல்வேன். அது மிகச் சிறப்பாகத் தெரியும் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் கூடாரத்தில் விட்டுவிட்டு வந்த ஸ்கோப்பில் எதுவும் தெரியாது. இரண்டாம் நாளுக்குப் பிறகு அது கூடாரத்திலேயே தங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

யானை வாங்கியவன் அங்குசம் வாங்க அழுத கதை முக்காலியில் நடக்கிறது. ஸ்கோப்புக்கு 600 கொடுத்துவிட்டு, கைபேசிப் படம் எடுக்கும் 40 டாலர் முக்காலியில் மாட்டுவார்கள். மலைமுகட்டில் காற்று நிற்பதே இல்லை. 30 மடங்கு பெருக்கும்போது நடுக்கமும் 30 மடங்கு பெருகும். பட்டறையில் ஒரு முறை வேடிக்கையாகச் சோதித்துப் பார்த்தோம்: நடுத்தர ஸ்கோப்பை நல்ல முக்காலியிலும், உயர்ந்த ஸ்கோப்பை ஆட்டம் காணும் முக்காலியிலும் வைத்து, வெளியே மின்விசிறிக் காற்றில் 100 மீட்டர் தள்ளி ஒட்டிய எழுத்துகளைப் படித்தோம். நடுத்தரம் ஜெயித்தது. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன்; நான்கு பேர், ஒரு மதியம். ஆனால் அதன்பிறகு யார் கேட்டாலும் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை முக்காலிக்கு ஒதுக்கச் சொல்கிறேன். நடுத்தண்டை உயர்த்தாமலே உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கு எட்டினால் போதும், ஆளுயரம் தேவையில்லை. தலைப்பகுதி மெதுவாக, விட்டுவிட்டு இழுக்காமல் நகர வேண்டும். நடுவில் கொக்கி இருந்தால் கல் கட்டிய பையைத் தொங்கவிடலாம். பைனாகுலரையும் அதே முக்காலியில் மாட்ட ஓர் இணைப்பு வாங்குங்கள். ஆட்டைக் கண்டுபிடிப்பது பைனாகுலர், அளப்பது ஸ்கோப். முக்காலியில் மாட்டிய 10×42 உங்களுக்குக் காட்டப்போகும் ஆடுகளின் எண்ணிக்கை ஆச்சரியமாக இருக்கும்.

கண் வைக்கும் பகுதி நேராக இருக்கும் நேர்க்குழலா, சாய்ந்திருக்கும் வளைந்த குழலா என்ற விவாதம் முடிவில்லாதது. மேல்நோக்கிப் பார்க்கவும், படுத்துக்கொண்டு பார்க்கவும், முக்காலியைத் தாழ்வாக வைக்கவும், உயரம் வேறுபட்ட இருவர் மாறிமாறிப் பார்க்கவும் வளைந்தது வசதி. சட்டென்று குறிவைக்க நேர்க்குழல் வசதி. மலை ஆட்டுக்கு வளைந்ததையே எடுப்பேன். காரின் கண்ணாடி வழியாகப் பார்ப்பவர் நேர்க்குழலை எடுக்கட்டும். நீங்கள் மூக்குக்கண்ணாடி அணிபவர் என்றால், கண்ணை லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம்வரை தள்ளி வைத்தால் முழுப்படம் தெரியும் என்ற அளவு 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது அந்த அளவு சுருங்குவதுண்டு, ஆகவே இரண்டு முனைகளிலும் கண்ணாடியோடு பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பெயர் சொல்லாமல் தப்பிக்கிறான் என்று நினைப்பீர்கள், ஆகவே சொல்கிறேன். உங்கள் தொகையில், கார்ப் பயணமாகப் போய்வரும் வேட்டைக்கு வோர்ட்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்.டி. 16-48×65 வகை ஸ்கோப்பைத் தள்ளுபடியில் பிடிக்கப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் வாழ்நாள் உத்தரவாதம் ரசீது கேட்காது, கைமாறினாலும் தொடரும், ஆகவே பழையதாக வாங்கினாலும் பயமில்லை. எடை குறைய வேண்டும் என்றால் செலஸ்ட்ரான் ஹம்மிங்பேர்ட் 9-27×56 ஈ.டி. உண்டு. 27 மடங்கு போதுமா என்று கேட்பீர்கள். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால், கொஞ்சம் கூடுதலாக நடக்கத் தயாராக இருப்பவருக்குப் போதும். இன்னும் எடை குறைய கோவா டி.எஸ்.என். 501 இருக்கிறது, 20-40×50, சுமார் 400 கிராம்தான். அதில் ஈ.டி. கிடையாது, 20-இல் தொடங்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எடுத்துப்போக மறக்கவே மாட்டீர்கள். இவற்றில் ஒவ்வொரு வகையிலும் நான் கையில் எடுத்துப் பார்த்தது ஒன்றிரண்டு பிரதிகள்தான். இந்த விலையில் ஒரே மாதிரியில் பிரதிக்குப் பிரதி தரம் மாறும். திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் கடையில் வாங்குவது அதனால்தான் முக்கியம். தொகையை 900, 1,000 வரை நீட்ட முடிந்தால், பழைய சந்தையில் வோர்ட்டெக்ஸ் ரேசர் எச்.டி. 11-33×50, லூபோல்ட் கோல்ட் ரிங் 12-40×60 போன்றவற்றைத் தேடுங்கள். பத்தாண்டு பழைய நல்ல கண்ணாடி, புதிய நடுத்தரக் கண்ணாடியைவிட எனக்கு மேல்.

பழையதை வாங்கும்போது முன்லென்ஸின் சிறு கீறல்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். படத்தில் அவை தெரியாது. பயப்பட வேண்டியது உள்ளே படரும் பூஞ்சை. டார்ச்சைச் சாய்வாக அடித்தால் சிலந்திவலை போலத் தெரியும். பிறகு கடைக்கு வெளியே எடுத்துவந்து, தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையில் குவியுங்கள். நல்ல ஸ்கோப்பில் "இதோ" என்று சொல்லும் ஒரே இடத்தில் எழுத்து சட்டென்று வெட்டினாற்போல நிற்கும். முன்னும் பின்னும் திருப்பித்திருப்பி, இதுவா அதுவா என்று தேட வைக்கும் ஸ்கோப் மலையிலும் அப்படியேதான் தேட வைக்கும். குவிக்கும் திருகைக் கையுறையோடு திருப்பிப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் அது தெரிய வரும்.

கைபேசியை ஸ்கோப்பில் பொருத்தும் இணைப்பு ஒன்று வாங்கினால் மலிவான ஸ்கோப்பின் குறையில் பாதியை அது சரிக்கட்டும். ஆடு தலையைத் திருப்பும் அரை நொடிதான் பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்கும். கண்ணால் பார்த்தால் போய்விடும். காணொளி எடுத்துக்கொண்டு, பாறை மறைவில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி, திரையில் ஒரு புல்லை வைத்துக் கோட்டைப் பார்க்கலாம். கானல் நெளியும்போதும் பத்துப் படத்தில் ஒன்று தெளிவாக விழும். ஆனால் வேட்டைக்குக் கைபேசியைப் பயன்படுத்துவதில் இடத்துக்கு இடம் விதி வேறுபடலாம். அதையும் கையேட்டில் சரிபாருங்கள்.

என்றாவது அலாஸ்காவுக்கு டால் ஆட்டுக்குப் போகும் ஆசை இருந்தால், கனடியரான உங்களுக்கு அங்கே பதிவுபெற்ற வழிகாட்டி கட்டாயம், ஸ்கோப்பும் பெரும்பாலும் அவரிடமே இருக்கும். அங்கே முழுச்சுருள், அல்லது இரண்டு நுனிகளும் உடைந்தது, அல்லது எட்டு வயது நிறைந்தது என்று விதி. வயதைக் கொம்பின் வளையங்களை எண்ணிச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுபோவதால் ஆண்டுக்கொரு வளையம் விழும். ஒரு கிலோமீட்டரிலிருந்து வளையம் எண்ணினேன் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. இருண்ட கோடு ஒன்று வெளிர்நிறக் கொம்பில் இருந்தால் சூத்திரம் அனுமதிக்கும் அளவைவிட மெல்லியதாக இருந்தாலும் கண்ணுக்குப் படும் என்பது உண்மைதான். படுவது வேறு, அடுத்தடுத்த இரண்டைப் பிரித்து எண்ணுவது வேறு. அடிப்பகுதியில் வயதான கிடாவின் வளையங்கள் நெருங்கிப்போகும், முதல் வளையம் மங்கலாக இருக்கும், ஆண்டுக்கணக்கில் சேராத போலி வளையங்களும் உண்டு.

ஆட்டின் கண் எட்டு மடங்குப் பைனாகுலருக்குச் சமம் என்று ஒரு பேச்சு மலையெங்கும் உலவுகிறது. அசைவை மிகத் தொலைவில் கண்டுபிடித்துவிடும் என்பது நானே பட்ட அனுபவம். எட்டு மடங்கு என்ற அந்த எண்ணை மட்டும் யார் அளந்தார்கள் என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை, ஆகவே நானும் திருப்பிச் சொல்வதில்லை.

இதைப் படிப்பவர்களில் வால்பாறைப் பக்கமோ மூணாறுப் பக்கமோ இருப்பவர்கள் உண்டென்றால்: அங்கே வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, வரையாடு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் இருக்கிறது. எதிர்ப்பாறையில் நிற்கும் வரையாட்டைக் கலைக்காமல் பார்க்கவும் எண்ணவும் மேலே சொன்ன கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும். மூடுபனியும் ஈரமும் அங்கே கூடுதல் என்பதால் ஆவி புகாத, நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவருக்குக் கடைசியாக ஒன்று. எந்த ஸ்கோப்பை வாங்கினாலும் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன் இரண்டு வார இறுதிகளை எனக்காக ஒதுக்குங்கள். பான்ஃப் தேசியப் பூங்காவில் மின்னவாங்கா ஏரிச் சாலை, ஜாஸ்பர் பூங்காவில் நெடுஞ்சாலை 16-இன் ஓரம், இங்கெல்லாம் பிக்ஹார்ன் ஆடுகள் உப்பு நக்கச் சாலைக்கே இறங்கி வரும். பூங்காவுக்குள் வேட்டை கிடையாது, பார்க்கத் தடையில்லை. துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டு, தூரம் அளக்கும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையிலிருந்து தள்ளி, 800 மீட்டரில் ஸ்கோப்பை நிறுத்தி, ஒவ்வொரு கிடாவுக்கும் சட்டப்படி தேறும், தேறாது, தெரியவில்லை என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு 400 மீட்டருக்கு வந்து அதே கிடாக்களைத் திரும்பப் பாருங்கள், பிறகு சாலைக்கு வந்து காருக்குள்ளிருந்தே பைனாகுலரில் பாருங்கள். என் முதல் நோட்டில் 800 மீட்டரில் "தேறும்" என்று எழுதிய ஏழில் மூன்று தேறவில்லை. உங்கள் நோட்டில் "தெரியவில்லை" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு, வாங்கிய ஸ்கோப் போதுமா என்று மறுபடியும் கேளுங்கள், அப்போது என்னால் இன்னும் துல்லியமாகப் பதில் சொல்ல முடியும்.